2000ஆம் ஆண்டில் நாட்குறிப்பு எழுதிய உனக்கு

அன்புள்ள உனக்கு,

போன வாரம் ஒரு பழைய பெட்டியைப் பிரித்தபோது உன் நாட்குறிப்பு கிடைத்தது. அதை எழுதியபோது உனக்கு 22 வயது. எனக்கு இப்போது 47. நடுவில் ஒரு பக்கத்தில், தேதி போடாமல், மூன்று வரிகள் எழுதி வைத்திருக்கிறாய். "தண்ணீர் எனக்கு ஆகாது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. சண்டைக்குப் பிறகு முதலில் போய்ப் பேசுகிற ஆள் நான் இல்லை." மூன்றாவது வரியின் கீழே இரண்டு கோடுகள். அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

நீ அதை வருத்தத்தோடு எழுதவில்லை என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. எழுதி முடித்ததும் மனசு லேசானது. 'நான் இப்படித்தான்' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அதற்கு மேல் எதையும் முயன்று பார்க்க வேண்டியதில்லை, இல்லையா? அந்த நிம்மதிக்கு நான் கொடுத்த விலை பெரியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் தண்ணீர். 41 வயதில் நீச்சல் கற்றுக்கொண்டேன். முதல் நாள் பயிற்சியாளர் நீந்தவே சொல்லவில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை மெல்ல வெளியே விடச் சொன்னார், அவ்வளவுதான். நுரையீரலில் காற்று இருக்கும்வரை பெரும்பாலானவர்களின் உடம்பு தானாகவே மிதக்கும். பயந்தவர்கள் தலையை மேலே தூக்குகிறார்கள். தலை எழும்பினால் கால் கீழே போய்விடுகிறது. மூழ்காமல் இருக்கச் செய்கிற காரியமே மூழ்க வைக்கிறது. மூன்று வாரத்தில் மிதந்தேன். அன்று சந்தோஷத்தைவிட, இதை ஏன் இத்தனை வருடம் விட்டுவைத்தேன் என்ற ஏக்கம்தான் அதிகமாக இருந்தது.

மேடை விஷயத்தில் உனக்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். நீ இந்த வரிகளை எழுதிய அதே 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. தாமஸ் கிலோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் செய்தது. கல்லூரி மாணவர்களுக்குப் போட்டுக்கொள்ளக் கூச்சமான ஒரு டீ-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்ற மாணவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுப்பினார்கள். உள்ளே போனவர்கள், கிட்டத்தட்ட பாதிப்பேர் தன் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் சுமார் நாலில் ஒரு பங்குதான். வகுப்பில் கேட்க நினைத்து நீ விழுங்கிய கேள்விகளை நினைத்துப் பார். உன் குரல் நடுங்கியிருக்கும், உண்மைதான். ஆனால் அதை அங்கே பாதிப்பேர் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள்.

இன்னொரு ஆய்வு 2013இல் வந்தது. 18 முதல் 68 வயது வரை 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், டிமதி வில்சன் என்ற மூன்று உளவியலாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். போன பத்து வருடத்தில் எவ்வளவு மாறினீர்கள் என்று கேட்டால், நிறைய என்றார்கள். வரப்போகிற பத்து வருடத்தில்? அவ்வளவாக இருக்காது என்றார்கள். இளைஞர்கள் மட்டும் இல்லை, வயதானவர்களும் அப்படித்தான். மாற வேண்டியதெல்லாம் மாறி முடிந்தது, இதுதான் கடைசி நான் என்று எல்லா வயதிலும் மனிதர்களுக்குத் தோன்றுகிறது. படித்ததும் உன் இரண்டு கோடுகள்தான் கண்ணில் வந்தன.

எல்லாமே மாறிவிடும் என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் இன்றும் எனக்குக் களைத்துப்போகும். தனிமை இன்றும் பிடிக்கும். அதெல்லாம் உன்னிடமிருந்து வந்ததுதான், அப்படியே வைத்திருக்கிறேன். ஆனால் எது மாறும், எது மாறாது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். 22 வயதில் ஒரு தாளில் எழுதித் தீர்த்துவிடுகிற விஷயம் இல்லை அது.

சரி, மூன்றாவது வரி.

அந்த நண்பனோடு போட்ட சண்டை எதைப் பற்றியது என்பதை நீ ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். இப்போது அதைப் படித்தாலும் யார் பக்கம் நியாயம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு நாங்கள் 14 வருடம் பேசவில்லை. கடைசியில் அவன்தான் கூப்பிட்டான். எத்தனையோ தடவை கூப்பிட நினைத்ததாகவும், எனக்குத்தான் விருப்பம் இருக்காது என்று நினைத்து விட்டுவிட்டதாகவும் சொன்னான். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பேசிக்கொள்கிறோம், நன்றாகவே பேசிக்கொள்கிறோம். ஆனால் அந்த 14 வருடத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆனது, நான் போகவில்லை. அவன் அம்மா இறந்துபோனார்கள். உன்னைத் தன் இரண்டாவது பிள்ளை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்களே, அந்த அம்மா. அவர்கள் போய்ச்சேர்ந்த செய்தி எனக்குத் தெரியவே ஏழு மாதம் ஆனது. கடைசி நாட்களில் என்னைப் பற்றி விசாரித்தார்களாம்.

தண்ணீரை 41 வயதில் திரும்பப் பிடித்துக்கொள்ள முடிந்தது. பேச்சும் பழகிக்கொண்டேன். இது ஒன்றுதான் முடியவில்லை.

அவன் வீட்டு போன் நம்பர் இதே நாட்குறிப்பின் கடைசிப் பக்கத்தில், உன் கையெழுத்தில் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில் அவன் வந்திருக்க மாட்டான், அம்மாதான் எடுப்பார்கள். உடனே அவனை எங்கே என்று கேட்காதே. அவர்களிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிரு.

அன்புடன்,
நான்