அந்தப் படங்களுக்குக் கீழே ஊர்ப் பெயர் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய யூகோஸ்லாவியாவின் இரண்டாம் உலகப் போர் நினைவுச் சின்னங்களை ஆறு பக்கத்துக்குப் படம் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். ஆனால் ஒன்றுக்குக்கூட ஊர்ப் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. 'விண்கலம் போல' என்று ஒரு வரி, 'டிட்டோ கட்டச் சொன்னவை' என்று இன்னொரு வரி. அவ்வளவுதான்.

பாலமும் தண்ணீர்த் தொட்டியும் கட்டியே ஓய்வுபெற்றவன் நான். கான்கிரீட்டைக் கண்டால் கண் அங்கேயே நின்றுவிடும். அதனால் சிலதை அடையாளம் தெரிந்தது.

இரண்டாம் பக்கத்தில் உடைந்த இறக்கை மாதிரி நிற்பது செர்பியாவின் கிராகுயெவாட்ஸ். 1941 அக்டோபரில், செத்த ஒரு ஜெர்மன் சிப்பாய்க்கு 100 பேர், காயம்பட்டவனுக்கு 50 பேர் என்று கணக்கு வைத்து அந்த ஊர்க்காரர்களைச் சுட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து பையன்களையும் வாத்தியார்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்களுக்காக 1963-இல் மியோத்ராக் ஷிவ்கோவிச் செய்தது அது. ரோமன் எண் ஐந்தின் வடிவம். நம் தாத்தா காலத்து 'ஐந்தாம் பாரம்' போன்ற வகுப்புப் பையன்களை நினைத்து வைத்தது என்பார்கள். விண்கலம் என்று எழுத எப்படிக் கை வந்ததோ!

அட்டையில் இருந்த பெரிய பூ, குரோஷியாவின் யாசெனோவாட்ஸ் வதைமுகாம் இருந்த இடம். பொக்தான் பொக்தானோவிச் வடிவமைத்து 1966-இல் திறந்தது. செர்பியர், யூதர், ரோமா மக்கள் என்று அங்கே கொல்லப்பட்டவர்களில் பெயர் தெரிந்தவர்களே 83,000-க்கும் மேல். பொக்தானோவிச் கொட்டடிகளைத் திரும்பக் கட்டவில்லை. அவை இருந்த இடங்களில் மண்ணை மேடும் பள்ளமுமாக விட்டார். பூவுக்குப் போகும் பாதையில் பழைய தண்டவாளக் கட்டைகளைப் பரப்பினார். கைதிகள் ரயிலில் வந்தவர்கள் அல்லவா. அப்புறம் அந்த இதழ்களின் வளைவு! அதற்குச் சென்ட்ரிங் அடித்த தச்சர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்நாட்டை அப்போது ஆண்ட டிட்டோ கட்டச் சொன்னார் என்பது பாதிதான் உண்மை. அரசு தலையசைக்காமல் எதுவும் எழும்பியிருக்காது, சரி. ஆனால் அந்தப் போரில் ஜெர்மானியரை எதிர்த்துச் சண்டையிட்ட முன்னாள் போராளிகளின் சங்கங்களும் ஊர் நிர்வாகங்களும் பணம் போட்டன. பல இடங்களில் போட்டி வைத்துத்தான் சிற்பியைத் தேர்ந்தார்கள். அரசுக்கும் இந்த வடிவங்கள் வசதிதான். அந்தப் போரில் நாட்டுக்குள்ளேயே ஒருவரை ஒருவர் கொன்றதும் உண்டு. அப்படிப் பக்கத்து ஊர்க்காரனே கொன்ற இடத்தில் சிப்பாய் சிலை வைத்தால் கொன்றவன் யார் என்ற பேச்சு வரும். பூ வைத்தால் வராது.

கடைசிப் பக்கப் படம் போஸ்னியாவின் மோஸ்தார் நகரத்துப் போராளிகள் கல்லறை. இதுவும் பொக்தானோவிச் செய்ததுதான், 1965. 2022 ஜூனில் ஒரு ராத்திரியில் யாரோ புகுந்து, பெயர் பொறித்த கற்களை நூற்றுக்கணக்கில் உடைத்துப்போட்டார்கள். உங்கள் படத்தில் அந்தக் கற்கள் முழுசாக இருக்கின்றன. ஆக, அது அதற்கு முன்னால் எடுத்த படம். பார்த்தவர்கள் இன்றைக்கும் அப்படியே இருப்பதாகத்தானே நினைத்திருப்பார்கள்? அடுத்த இதழில் ஊரும் ஆண்டும் சேர்த்து ஒரு சின்னத் திருத்தமாவது போடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர், ஸ்ரீரங்கம்