என் பேக்கப் பேக்கேஜுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நான் எழுதிய சின்ன பேக்கப் கருவி ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பயனர் களஞ்சியத்தில், நாம் ஏயூஆர் என்று சொல்கிறோமே, அதில் ஏறி இரண்டு மாதம் ஆகிறது. பராமரிப்பவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருப்பதால் இந்த மடல்.

கருவி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே உழைப்பது போர்க் என்ற பேக்கப் மென்பொருள். அதன் மேல் நான் போட்டது கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், ராத்திரி ஒரு மணிக்கு அதை எழுப்ப ஒரு சிஸ்டம்டி டைமர், அமைப்புகளை எழுதி வைக்க ஒரு கான்ஃபிக் ஃபைல். கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் என் மாமா மகனுக்காக எழுதியது. (அவனுக்கு ஆர்ச் போட்டுக் கொடுத்ததற்கு இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.) ஒரே கல்யாணப் படங்களை மூன்று ஃபோல்டரில் காப்பி அடித்து வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். போர்க் ஃபைல்களைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரே துண்டு எத்தனை இடத்தில் வந்தாலும் ஒரு தடவைதான் சேமிக்கும். அதனால் அவனுடைய பழக்கத்தை மாற்றாமலே ஹார்டு டிஸ்க் தப்பித்தது. 2015-ல் ஆட்டிக் என்ற கருவியிலிருந்து பிரிந்து வந்து, இன்றுவரை அதை வளர்த்துவரும் போர்க் குழுவினருக்குத்தான் முதல் கும்பிடு. நீங்கள் கட்டிய வீட்டுக்கு நான் திண்ணை போட்டேன், அவ்வளவுதான்.

அடுத்தது அக்காவுக்கு. கல்லூரியில் எனக்கு இரண்டு வருஷம் சீனியர். ஏயூஆரில் நாம் மென்பொருளைப் போடுவதில்லை, அதை எப்படிக் கட்டுவது என்ற செய்முறையை மட்டும் போடுகிறோம், பயன்படுத்துபவர் தன் கணினியில் தானே கட்டிக்கொள்கிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். பிகேஜிபில்டு என்ற அந்தச் செய்முறை ஃபைலை எழுதிவிட்டேன். அதைப் படித்துக் கட்டும் மேக்பிகேஜி கருவி முனகாமல் கட்டியது. சரி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வழியாக ஏயூஆருக்குத் தள்ளிவிடலாம் என்று பார்த்தால் அது வாங்க மறுத்துவிட்டது. என் கணினியில் கிளையின் (கிட்டில் மாற்றங்கள் வரிசையாகச் சேரும் இடம்) பெயர் மெயின். அங்கே மாஸ்டர் மட்டும்தான் செல்லும். அதை மாற்றினேன். மறுபடி மறுப்பு: எஸ்ஆர்சிஇன்ஃபோ ஃபைல் இல்லையாம். பேக்கேஜின் பெயர், பதிப்பு, சார்புகள் (அதற்குத் தேவைப்படும் மற்ற மென்பொருள்கள்) இவற்றையெல்லாம் ஏயூஆர் தளம் படித்துக்கொள்வதற்கான ஃபைல் அது. உருவாக்க ஒரே ஒரு கட்டளை போதும். உருவாக்கி, புது கமிட்டாக, அதாவது கிட்டில் ஒரு புதுப் பதிவாக, சேர்த்துத் தள்ளினேன். மறுபடியும் அதே மறுப்பு, எழுத்து மாறாமல். ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, இல்லை இல்லை என்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு அக்காவுக்கு போன் போட்டேன்.

"எத்தனை கமிட் வெச்சிருக்க?"

"மூணு."

"மூணுலயும் அந்த ஃபைல் இருக்கணும்டா. கடைசியில சேர்த்தா முதல் கமிட் எப்படிச் சரியாகும்?"

மூன்றையும் ஒன்றாகச் சுருட்டச் சொன்னார். சுருட்டினேன், ஏறியது. மறுநாள் காலை ஆறரைக்கு அவருக்கு அலுவலகப் பேருந்து என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். அக்கா, அந்தத் தூக்கத்துக்கு நன்றி.

ஏறிய இரண்டாம் நாள், முகம் தெரியாத ஒருவர் ஜெர்மனியிலிருந்து எழுதுவதாகச் சொல்லி, என் செய்முறையை வரி வரியாகப் பிரித்துப் போட்டார். கான்ஃபிக் ஃபைலை நான் 644 அனுமதியோடு நிறுவியிருந்தேன். போர்க்கின் கடவுச்சொல்லை எழுதுகிற இடமும் அதே ஃபைலில்தான். அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யாரும் திறந்து படிக்கலாம். வீட்டைப் பூட்டி, சாவியைத் தெருவாசலில் தொங்கவிட்ட மாதிரி. உரியவர் மட்டும் படிக்கும்படி 600 என்று மாற்றச் சொன்னார். கூடவே, பேக்கேஜ் நிறுவியவுடனே டைமரைத் தானாக ஓடவிடும் வரியையும் எடுக்கச் சொன்னார். ஆர்ச்சில் அது வழக்கமில்லை. எதை ஓடவிடுவது என்று முடிவெடுக்க வேண்டியது கணினிக்குச் சொந்தக்காரர்.

எழுதிய தொனி கொஞ்சம் காரமாக இருந்தது. முதலில் எனக்குச் சுருக்கென்றது, மறைப்பானேன். ஆனால் 2018-ல் இதே ஏயூஆரில், பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த ஒரு பி.டி.எஃப் படிப்பானின் பேக்கேஜை யாரோ தத்தெடுத்து, அதற்குள் கள்ள நிரல் சேர்த்த கதை எல்லோருக்கும் தெரியும். புதிதாக வந்த ஒருவன், கணினியில் எதையும் செய்யக்கூடிய ரூட் அதிகாரத்தோடு ராத்திரியில் ஓடும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் நாலு பேர் சந்தேகமாகத்தான் பார்க்க வேண்டும். ஐயா, உங்கள் காரத்துக்கும் சேர்த்தே நன்றி.

இப்போது வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர். இவருக்குத்தான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் செய்முறையைப் படித்தார்கள், இவர் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தார். தன் பழைய லேப்டாப்பில் நிறுவி, பேரன் பேத்தி படங்களுக்கு பேக்கப் எடுத்து, அப்புறம் ஒரு ஃபோல்டரை வேண்டுமென்றே அழித்துவிட்டு (வேறு இடத்தில் காப்பி வைத்துக்கொண்டுதான், வங்கிக்காரர் ஆயிற்றே) அதைத் திரும்ப எடுக்க முயன்றிருக்கிறார். போன் வந்தது.

"போட்டது ஏறிடுச்சு தம்பி. எடுக்கத்தான் முடியல."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. என் ஸ்கிரிப்ட், பேக்கப்பை ஒரு சாதாரண ஃபோல்டர் போலத் திறந்து காட்டுவதற்கு போர்க்கின் மவுன்ட் வசதியைப் பயன்படுத்துகிறது. அதற்கு, இப்படி ஃபோல்டராகக் காட்ட உதவும் ஃபியூஸ் என்ற லினக்ஸ் வசதிக்கான பைதான் நூலகம் ஒன்று வேண்டும். போர்க் பேக்கேஜில் அது கட்டாயச் சார்பு இல்லை, வேண்டுமென்றால் போட்டுக்கொள் என்ற வகை. என் கணினியில் எப்போதோ எதற்கோ போட்டது கிடந்தது. அவருடைய லேப்டாப்பில் இல்லை. சுத்தமான சூழலில் கட்டிப் பார்த்தேனே என்று அவரிடம் வாதாடக்கூடச் செய்தேன். கட்டும்போது தேவைப்படாத ஒன்று, கட்டும் இடத்தில் இல்லாவிட்டால் எப்படித் தெரியவரும்? சார்புப் பட்டியலில் ஒரே ஒரு சொல் சேர்த்தேன், வெளியீட்டு எண்ணை 1-லிருந்து 2 ஆக்கினேன், தீர்ந்தது. அவர் அழித்துப் பார்க்காமல் இருந்திருந்தால், யாரோ ஒருவர் நிஜமாகவே ஃபைல்களைத் தொலைத்துவிட்டு நிற்கும் நாளில்தான் அந்தச் சொல் இல்லாதது தெரிந்திருக்கும். இப்போது ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் வெறும் மெய்நிகர் கணினி ஒன்றில் நிறுவி, ஒரு ஃபோல்டரை அழித்து, திரும்ப எடுத்துப் பார்த்த பிறகே தள்ளுகிறேன். ஐயா கற்றுக்கொடுத்த வழக்கம் இது.

ஃபோல்டர் பெயரில் இடைவெளி விட்டிருந்ததால் கட்டுவது பாதியில் நின்றுபோய், என் செய்முறையில் மேற்கோள் குறி விட்டுப்போன இரண்டு இடங்களைக் காட்டிக்கொடுத்த தம்பிக்கும், உரிமத்தின் பெயரை இப்போதைய முறைப்படி எழுதச் சொன்ன தோழருக்கும் நன்றி.

நன்றியோடு ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. பதிப்பு 0.2 வந்த அன்று மேம்படுத்திய நண்பரே, உங்களிடம்தான்.

எதையெல்லாம் பேக்கப் எடுக்க வேண்டாம் என்று கான்ஃபிக் ஃபைலில் பொறுமையாக 31 வரி எழுதி வைத்திருந்தீர்கள். மேம்படுத்தியதும் என் வெற்றுக் கான்ஃபிக் அதன் மேல் வந்து உட்கார்ந்துகொண்டது. ராத்திரி ஒரு மணிக்கு டைமர் சமர்த்தாக எழுந்து, உங்களுடைய மெய்நிகர் கணினிகளின் டிஸ்க் ஃபைல்கள், டவுன்லோட் ஃபோல்டர், பிரவுசர் கேஷ் எல்லாவற்றையும் அள்ளி வெளி டிஸ்க்கில் இடம் தீரும்வரை நிரப்பியது. பயனர் மாற்றிய ஃபைலை மேம்படுத்தும்போது தொடாதே, புதியதை பேக்நியூ என்ற பின்னொட்டோடு பக்கத்தில் வை என்று, ஆர்ச்சில் பேக்கேஜ்களை நிறுவும் பேக்மேனுக்குச் சொல்ல செய்முறையில் ஒரு வரி போதும். அந்த வரியின் பெயரே பேக்கப். அதைத்தான் நான் எழுதாமல் விட்டிருந்தேன்.

காலையில் நீங்கள் அனுப்பிய ஒற்றை வரி இன்னும் என்னிடம் இருக்கிறது: "பேக்கப் மென்பொருளுக்கே பேக்கப் இல்லையா நண்பா?" திட்டியிருக்கலாம், பேக்கேஜைத் தூக்கி எறிந்திருக்கலாம். நீங்களோ அந்த விட்டுப்போன வரியை எழுதி, அப்படியே சேர்த்துக்கொள்ளும்படி ஒட்டாகவே (பேட்ச்) அனுப்பி வைத்தீர்கள். முதல் முயற்சியில் நான் அதை ஒட்டும்போது பாதையின் முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்துவிட்டேன், மேக்பிகேஜி அதையும் திருப்பி அனுப்பியது. அது உங்களுக்குத் தெரியாது, இப்போது சொல்லிவிட்டேன்.

அந்த 31 வரியையும் நினைவிலிருந்தே மறுபடி எழுதினீர்கள் என்று கேள்விப்பட்டேன். முடிந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். அடுத்த பதிப்பில் மாதிரிக் கான்ஃபிக்காக அதையே வைக்க ஆசை. என் கணினியிலும் ஒரு காப்பி பத்திரமாக இருக்கும்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் பேக்கேஜ்காரன்