சாட்சி சொன்னவரையே மறுபடி கூப்பிட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோர்ட்டில் சாட்சியத்தை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்பது வக்கீல்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அது நாள் சம்பளப் பிரச்சினை. சாட்சிக்குப் போகிறவருக்கு அன்றைய பெரட்டில் (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது) பேர் விழாது.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது அலுவலக எழுத்தராக, இருந்தபோது செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை திருட்டு வழக்கு ஒன்று நடந்தது. பழம் வெட்டும் ஒருவர்தான் முக்கியச் சாட்சி. அவர் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்ல, மாஜிஸ்திரேட் கையால் எழுதினார். பேனா நிற்கும் வரை சாட்சி வாயைத் திறக்கக் கூடாது. லோரி எப்படித் திரும்பியது என்று அவர் இரண்டு கையாலும் காட்டியதைப் பேனா எப்படிப் பிடிக்கும்? அப்புறம் மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போனார். புதியவர் முன் அதே மனிதரை மறுபடி ஏற்றினார்கள். நாளாகிவிட்டதால் இடமா வலமா என்று தடுமாறினார். எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

முந்தையவர் பதிவு செய்த சாட்சியத்தை வைத்தே புதிய மாஜிஸ்திரேட் வழக்கைத் தொடரச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் சாட்சியை மீண்டும் அழைக்கும்படி குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கலாம். அது நியாயமான உரிமைதான், பறிக்கக் கூடாது. வெறும் கையெழுத்துக் குறிப்பில் சாட்சியின் முகமும் தயக்கமும் தெரியாதே! வீடியோவில் தெரியும். அது இருந்தால் இப்படிக் கேட்க வேண்டிய அவசியமே பல வழக்குகளில் வராது.

இது புதுக் கனவும் அல்ல. துன் ஸாக்கி அஸ்மி மலேசியத் தலைமை நீதிபதியாக இருந்த 2008–2011 காலத்திலேயே ஒலி, ஒளிப் பதிவுக் கருவிகள் கோர்ட்டுகளுக்கு வரத் தொடங்கிவிட்டன. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கருவிப் பதிவை ஏற்கிறது. நீதிமன்றச் சட்டங்களில் வந்த 2020 திருத்தங்களுக்குப் பிறகு காணொளி வழி விசாரணைக்கும் வழி இருக்கிறது. சட்டம் தயார், சின்ன ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் கருவி பழுதானால் உடனே சரிபார்க்க ஆள் வேண்டும். இல்லாவிட்டால் பழையபடி பேனாதான்.

இன்னொன்று: மைக் மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருந்தால் போதாது, சாட்சிக் கூண்டிலும் இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பில் தகராறு வந்தால் சாட்சியின் சொந்தக் குரலைப் போட்டுக் கேட்கலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கும் அந்தப் பதிவின் நகல் கட்டணமில்லாமல் கிடைக்க நீதித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்