உள்வீதிகளில் நடப்போருக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியின் உள்வீதிகள் ஒவ்வொன்றாகத் தார் வீதிகளாகவும் கொங்கிரீட் வீதிகளாகவும் மாறிவருகின்றன. மாரியில் சேற்றுக்குள் சைக்கிளைத் தோளில் சுமந்தவர் எவரும் இதைக் குறைகூறமாட்டார். ஆயினும் இவ்வீதிகளைத் திட்டமிடுவோர், நடந்து செல்பவரைக் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

எமது ஊர்கள் பலவற்றில் அயல் என்பது உறவுமுறையால் அமைந்ததன்று. குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோரும், 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்திலிருந்து வந்தோரும், பழைய வன்னிக் குடிகளும் அடுத்தடுத்த காணிகளில் வாழ்கின்றனர். 2009 இன் பின்னர் முகாம்களிலிருந்து மீளக் குடியமர்ந்தபோது, பக்கத்துக் காணியில் முன்பின் அறியாதவரைக் கண்டோரும் உளர். இத்தகைய அயலில் இன்னார் இன்ன வீட்டார் என்ற அறிமுகம், கடைக்கும் கோயிலுக்கும் நடந்து போகையில் படலையடியில் நின்று கதைக்கும் சில நிமிடங்களிலேயே உண்டாகிறது. யார் வீட்டில் காய்ச்சல், யாருடைய கிணறு வற்றிவிட்டது, தனித்திருக்கும் முதியவர் ஏன் இரண்டு நாளாக முற்றத்துக்கு வரவில்லை என்பதெல்லாம் மோட்டார் சைக்கிளில் விரைபவருக்குத் தெரியவருவதில்லை. (நீரிழிவுக்காக நடக்கச் சொல்லப்பட்டவர்கள்கூட மோட்டார் சைக்கிளில் குளக்கட்டுக்குப் போய், அங்கே நடந்துவிட்டு, மோட்டார் சைக்கிளிலேயே வீடு திரும்புகின்றனர்.)

நகரத் திட்டமிடல் அறிஞர் டொனால்ட் அப்பிள்யார்ட், சான்பிரான்சிஸ்கோவின் மூன்று தெருக்களைப் பற்றிய ஆய்வொன்றை 1972 இல் வெளியிட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் ஓடிய தெருவில் வசித்தவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தனர். 16,000 வாகனங்கள் ஓடிய தெருவிலோ ஒருவர்கூட முழுதாக இல்லை. எமது ஒழுங்கைகளில் அவ்வளவு வாகனங்கள் இல்லைத்தான். ஆனால் மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று வேகமாக வந்தாலே போதும், தாய்மார் பிள்ளைகளைப் படலைக்குள் இழுத்துக்கொள்கின்றனர்.

ஆகவே, உள்வீதிகளைப் புனரமைக்கும் பிரதேச சபைகள் ஒரு பக்கமேனும் நடப்பதற்குரிய ஓரத்தை ஒதுக்க வேண்டும். வீதியோரத்து வேம்பையும் மருதையும் அகலிப்பின் பெயரால் தறிக்கலாகாது. எமது வெயிலில் நிழலற்ற வீதியில் காலை எட்டு மணிக்குப் பின் எவர் நடப்பார்? பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் டிப்பர்கள் ஊருக்குள் வருவதைத் தடுப்பதும், பெண்கள் பொழுதுபட்ட பின்னும் அச்சமின்றி நடக்கத் தெருவிளக்குகளைப் பொருத்துவதும் அவசியம். அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தைச் சபைகள் தயாரிக்கும் முன்னர், கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் இக்கோரிக்கைகளை எழுத்தில் கையளிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கிளிநொச்சி.