ஒரு புள்ளி குறைந்தால் லூபஸ் இல்லையா? மருத்துவப் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பொது மருத்துவம் கற்பிக்கும் பேராசிரியர்களுக்கு வணக்கம்.

உடலின் எதிர்ப்புச் சக்தியே தோல், இரத்தம், சிறுநீரகம் என்று சொந்த உடலைத் தாக்கும் நோய் லூபஸ். அந்த நோயாளி ஒருத்தியின் அக்கா நான். மருத்துவம் படித்தவள் அல்ல. ஆனாலும் ஐரோப்பிய, அமெரிக்க மூட்டுவாதவியல் அமைப்புகள் 2019இல் வெளியிட்ட லூபஸ் அளவுகோலை, அதாவது ஒவ்வோர் அறிகுறிக்கும் புள்ளி தரும் பட்டியலை, வரிவரியாகப் படிக்க வேண்டி வந்தது.

தங்கைக்கு ஏ.என்.ஏ. (சொந்தச் செல்களின் கருவுக்கு எதிரான எதிர்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ். அது இருந்தால்தான் புள்ளி கூட்டவே தொடங்கலாம். இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்ததற்கு 4 புள்ளி, எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த சி3 என்ற இரத்தப் புரதம் குறைந்ததற்கு 3, இரத்தக் கட்டியை உண்டாக்கக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்பொருளுக்கு 2. கூட்டினால் 9. லூபஸ் என்று வகைப்படுத்த வேண்டியது 10. "ஒரு புள்ளி குறைகிறது, லூபஸ் என்று சொல்ல முடியாது" என்று சொல்லி, வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார் ஓர் இளம் மருத்துவர். அப்போது தலை வாரினால் சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்துகொண்டிருந்தது. அதற்கும் அந்தப் பட்டியலில் 2 புள்ளி உண்டு, மருத்துவர் கண்ணால் பார்த்திருந்தால்! பிறகு பார்த்த மூட்டுவாத மருத்துவர் புள்ளியே கூட்டவில்லை. சடையை அவிழ்க்கச் சொன்னார், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தார், லூபஸுக்கான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையைத் தொடங்கினார்.

அந்த இளம் மருத்துவரை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி. ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைத் தேர்ந்தெடுக்கத்தான் இந்த அளவுகோல். நோயைக் கண்டறிய அல்ல என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கும்போது புள்ளிகள் மனப்பாடமாகின்றன, இந்த வரி விட்டுப்போகிறது.

அளவுகோல் மோசமானதல்ல. இதற்கு முன்பிருந்த 1997ஆம் ஆண்டு அமெரிக்கப் பட்டியல் 100 லூபஸ் நோயாளிகளில் சுமார் 83 பேரைத்தான் பிடித்தது. இது 96 பேரைப் பிடிக்கிறது. மற்ற நோயாளிகளை லூபஸ் என்று தவறாகச் சேர்ப்பதும் கூடவில்லை. ஆனால் அந்தக் கணக்கு சிறப்பு மையங்களின் நோயாளிகளை வைத்துப் போட்டது. மிஞ்சிய 4 பேருக்கும் சிறுநீரகம் இருக்கிறது, பேராசிரியர்களே. 10 புள்ளி சேரும்வரை அது காத்திருக்குமா?

மறுபக்கமும் அஞ்ச வேண்டியதே. ஏ.என்.ஏ. 1:80 அளவில் (அளவுகோல் கேட்கும் குறைந்தபட்ச அளவு அது) ஆரோக்கியமானவர்களிலேயே 100க்குச் சுமார் 13 பேருக்கு வரும். அப்படிப்பட்ட ஒருவருக்குக் காசநோய் வந்து நுரையீரல் உறையில் நீர் கோத்தால் 5, காய்ச்சலுக்கு 2, வெள்ளணு குறைந்தால் 3. வந்துவிட்டது 10! லூபஸைவிடப் பொருத்தமான காரணம் இருந்தால் அந்தப் புள்ளியைச் சேர்க்கவே கூடாது என்று அதே ஆவணம் சொல்கிறது. காசநோய் மலிந்த நம் ஊரில் இந்த விதியை மறந்து, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. 1997 பட்டியலில் வெயில் பட்டால் தோல் தடிப்பது தனி அம்சமாக இருந்தது, 2019இல் இல்லை. புள்ளி இல்லை என்பதற்காக அந்தக் கேள்வியையே மாணவர்கள் கைவிட்டுவிடக் கூடாது. வெயிலில் நிற்கும் பெண்கள் நிறைந்த நாடு இது. லூபஸில் வரும் கன்னத்துத் தடிப்பும் நம் தோலில் புத்தகப் படம்போல் சிவந்து தெரிவதில்லை. கருத்தோ ஊதா படர்ந்தோ இருக்கும். வகுப்பில் நம் மக்களின் தோல் படங்களைக் காட்டுங்கள்.

நோயாளியின் சீட்டில் வெறும் கூட்டுத்தொகையை எழுதவிடாதீர்கள். ஏன் லூபஸ் என்று நினைக்கிறார், ஏன் இல்லை என்கிறார், சிறுநீரையும் இரத்தத்தையும் மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதை மாணவர் தன் கையால் எழுதட்டும். 9 புள்ளியோடு ஒருத்தி வந்தால், மறுபடி வரவேண்டிய தேதி குறிக்காமல் அவளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா