விலக்கு மனு குறித்து அப்பாவுக்கு

டெட்ராய்ட்,
நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு அனைவரின் நலமறிய ஆவல். பயிற்சி முடிந்ததும் இரண்டு வருடம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பிப் போகாமல், எதற்காக முன்பின் தெரியாத சிற்றூரில் மூன்று வருடம் என்று கேட்டிருந்தீர்கள்.

ஜே-1 விசாவில் மருத்துவப் பயிற்சிக்கு வந்தவர்கள், அது முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டாண்டு இருந்தாக வேண்டும். அதுவரை வேலைக்கான எச்-1பி விசாவோ கிரீன் கார்டோ கிடையாது. புறப்படும் முன் டெல்லி சுகாதார அமைச்சகத்தில் நான் வாங்கிய சான்றும் இதையொட்டியதே. மற்றத் துறையினர் நம் அரசின் ஆட்சேபணையின்மைக் கடிதத்தைக் கொண்டு இந்த விதியிலிருந்து விலக்குக் கோரலாம். எங்களுக்கு அந்த வழி இல்லை. ஆகவே மாமா சொல்வது போல டெல்லியில் ஆள் பிடித்தும் பயனில்லை.

எனக்குப் பொருந்துவது கான்ராட் 30 என்னும் திட்டம். வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட்டின் முயற்சியால் 1994இல் வந்த இதில், ஒரு மாநிலத்துக்கு ஆண்டுக்கு 20 மருத்துவர் என்றிருந்தது பிறகு 30 ஆயிற்று. மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில், வாரத்துக்கு 40 மணி நேரம் வீதம் மூன்றாண்டு பணியாற்ற ஒப்புக்கொண்டால் விலக்குக் கிடைக்கும். டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் போட்டி மிகுதி என்பதால், அந்த செனட்டரின் மாநிலத்திலேயே ஒரு மருத்துவமனையுடன் ஒப்பந்தம் செய்துகொண்டேன். பணிக்காலம் முடிந்தபின் அதே வட்டாரத்தில் வேறிடத்தில் வேலை பார்க்கக் கூடாது என்று மருத்துவமனை நிபந்தனை போட முடியாது என்பதையும் வக்கீலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு பார்த்த உங்களுக்கு இதன் போக்கு எளிதில் விளங்கும். முதலில் அமெரிக்க வெளியுறவுத் துறையில் 120 டாலர் கட்டி ஒரு வழக்கு எண் வாங்க வேண்டும். ஒப்பந்தம், சான்றிதழ்கள், பழைய விசாத் தாள்கள் என்று கட்டுக்கட்டாகச் சேர்ந்த காகிதங்களில் ஒரு பக்கம் விடாமல் அந்த எண்ணை எழுதினேன். மருத்துவமனை அவற்றை மாநில சுகாதாரத் துறைக்கு அனுப்பும். மாநிலம் பரிந்துரைத்தால் கோப்பு வெளியுறவுத் துறைக்கும், அங்கிருந்து இறுதி உத்தரவுக்காகக் குடிவரவுத் துறைக்கும் போகும். விலக்குக் கிடைத்த 90 நாட்களுக்குள் பணியில் சேர வேண்டும். இப்போது என் கோப்பு மாநிலத்தின் மேசையில் இருக்கிறது.

உள்ளூர்க்காரர்கள் போக மறுக்கும் ஊர்களை வெளிநாட்டவர் தலையில் கட்டுகிறார்கள் என்று உடன் பயில்வோர் சிலர் குறைப்படுகின்றனர். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டருக்காகக் காத்துக் கிடந்தவர்களைப் பார்த்த எனக்கு இந்த ஏற்பாடு நியாயமாகவே படுகிறது. ஆனால், நம் நாட்டுக்குத் திரும்ப வேண்டிய டாக்டரைக் கொண்டுதான் இவர்கள் தம் குறையைத் தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது உறுத்தாமல் இல்லை.

தங்கையின் திருமணத்துக்கு என் வருகையை எதிர்பார்த்து முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க வேண்டாம். இடையில் ஊருக்கு வந்தால், திரும்புவதற்கு முன் சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதிய விசா குத்தியாக வேண்டும். அது தாமதமானால் பணியில் சேரும் கெடு தவறிவிடும். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். செலவுக்கான பணத்தைத் தை மாதத்துக்குள் அனுப்பிவிடுகிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

தங்கள் அன்பு மகன்