ஏஜெண்ட்ட திட்டுறதுக்கு முன்ன டூலோட விளக்கத்த பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு பதிப்புல ஏஐ ஏஜெண்ட் (நாம கேக்கறத புரிஞ்சிக்கிட்டு வேலைய தானே செய்யற ஏஐ) பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா ஏஜெண்ட் தப்பு பண்ணா அது மாடலுக்கு, அதாவது உள்ள இருக்கிற ஏஐ மூளைக்கு, இன்னும் புத்தி பத்தலன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அத என்னால ஒத்துக்க முடியல. நான் வேலை செய்யறது சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை குலை வாங்கி மில்லுக்கு அனுப்புற ஒரு சென்டர்ல. எங்க ஆபீஸ்லயும் ஒரு ஏஜெண்ட் இருக்கு. சின்ன தோட்டக்காரங்க வாட்சப்புல கேப்பாங்க, அது டிக்கெட்ட, அதாவது எடை போட்ட சீட்ட, தேடி எடைய சொல்லும், பணம் எப்ப போடுறோம்னு சொல்லும். அது சொதப்புன இடத்தையெல்லாம் தோண்டிப் பாத்தா முக்காவாசி நேரம் மாடல் மேல குத்தம் இல்ல, டூலுக்கு (டிக்கெட் தேடுற மாதிரி ஒரு வேலைக்கு ஏஜெண்ட் கூப்பிடுற சின்ன புரோகிராம்) பக்கத்துல எழுதி வச்ச நாலு வரி விளக்கத்துலதான் கோளாறு.

ஒண்ணு புரிஞ்சிக்கணும். ஏஜெண்ட்டுக்கு டூலுக்குள்ள இருக்கிற கோட் தெரியாது. டூலோட பேரு, விளக்கம், என்னென்ன விவரம் குடுக்கணும்கிற பட்டியல், பொதுவா இவ்ளோதான் அது கண்ணுல படும். 2023 ஜூன்ல ஓப்பன்ஏஐ ஃபங்ஷன் காலிங் (மாடல் டூல கூப்பிடுற வசதி) கொண்டு வந்தப்பயும் இதே கததான், 2024 நவம்பர்ல ஆந்த்ரோபிக் கம்பெனி விட்ட எம்சிபியிலயும் (ஏஜெண்ட்டையும் டூலையும் இணைக்கிற பொது விதிமுறை) இதே கததான். காலையில பெரட்டுல மண்டோர் "அந்தப் பக்கம் போய் வெட்டு"ன்னா பழைய ஆளு சரியான நிரைக்கு போயிருவான், நேத்து வந்தவன் எங்க போவான்? ஏஜெண்ட் எப்பவும் நேத்து வந்தவன்தான்.

எங்க கிட்ட "டிக்கெட் அப்டேட்", "டிக்கெட் கரெக்‌ஷன்"ன்னு ரெண்டு டூல். ஒண்ணு லோரி நம்பர் மாதிரி சில்லறை விவரத்த மாத்த, இன்னொண்ணு எடைய மாத்த. ரெண்டுக்கும் விளக்கம் ஏறக்குறைய ஒரே வரி, டிக்கெட் விவரங்களை மாற்றும், அவ்ளோதான். லோரி நம்பர் தப்புன்னு ஒரு பெரியவர் சொன்னா அது போய் எடை திருத்துற டூல தொறந்து வச்சிக்கிட்டு புது எடை எவ்ளோன்னு அவர்கிட்டயே கேக்குது! இன்னொரு டூல்ல நிலத்தோட அளவு கேட்டிருக்கு, ஏக்கரா ஹெக்டரான்னு எங்கயும் எழுதல. நம்ம ஆளுங்க நாலு ஏக்கர்னுதான் சொல்வாங்க, அது அப்படியே 4ன்னு போட்டுச்சு, சிஸ்டம் அத ஹெக்டரா எடுத்துக்கிச்சு, ஆக ஒண்ணரை ஹெக்டர் சொச்சம் இருக்கிற மனுசனுக்கு பத்து ஏக்கர் சொத்து வந்திருச்சு. 03/04ன்னா ஏப்ரல் மூணா மார்ச் நாலா, அதுவும் இதே மாதிரிதான்.

சாஃப்ட்வேர் குடுத்தவங்க கிட்ட கேட்டா, விளக்கத்த எல்லாம் இன்னொரு ஏஐ கிட்ட குடுத்து மார்க் போட சொன்னோம், நல்ல மார்க்தான் வந்துச்சுன்னு சொல்றாங்க. எழுத்துப்பிழை, விட்டுப்போன அலகு இதையெல்லாம் அப்படி பிடிக்கலாம், அது வரைக்கும் சரி. ஆனா படிக்க அழகா இருக்கிற விளக்கம் ஏஜெண்ட்ட சரியான டூலுக்கு கூட்டிட்டு போகுதான்னு அந்த மார்க் எப்படி சொல்லும்? அதுக்கு ஓட்டித்தான் பாக்கணும்.

எப்படி ஓட்டுறதுன்னா, முதல்ல நம்ம ஜனங்க உண்மையிலேயே அனுப்புற கேள்விய எடுக்கணும். "நேத்து போட்ட குலைக்கு டூவிட் எப்ப மாசோக்"னு (பணம் எப்ப வரும்னு) தமிழும் மலாயும் கலந்துதான் வரும், புத்தகத் தமிழ்ல எவனும் அனுப்ப மாட்டான். ஒவ்வொரு கேள்விக்கும் எந்த டூல், அதுக்குள்ள என்ன விவரம் போகணும்னு தராசுல நிக்கிறவரும் கிராணியும் உக்காந்து முன்னமே எழுதி வச்சிடணும். டூல் எழுதுன புரோகிராமர் கிட்ட அத விடாதீங்க, அவருக்கு எல்லாமே தெளிவாதான் தெரியும். அப்புறம் ஒரே கேள்விய பல தடவ ஓட்டணும், ஏன்னா இந்த மாடலுங்க ஒரு தடவ சரியா செய்யும் அடுத்த தடவ மாத்தி செய்யும், ஒரு தடவ பாஸானத நம்பி கையெழுத்து போடக்கூடாது. சரியான டூல எடுத்துச்சாங்கிறத தனியா எண்ணணும், எடுத்த டூலுக்குள்ள சரியான விவரம் போட்டுச்சாங்கிறத தனியா எண்ணணும், ரெண்டும் வேற வேற வியாதி.

எந்த டூலுமே தேவையில்லாத கேள்வியும் நெறய சேக்கணும், இத நெறய பேரு விட்டுடறாங்க. பெர்க்லி பல்கலைக்கழகத்துக்காரங்க ஃபங்ஷன் காலிங்குக்குன்னே 2024லேர்ந்து நடத்துற லீடர்போர்டுல, அதாவது மாடலுங்கள சோதிச்சு வரிசைப்படுத்துற பட்டியல்ல, இந்த மாதிரி கேள்விக்குன்னு தனி பிரிவே இருக்கு, அதுல எதையும் கூப்பிடாம சும்மா இருந்தாதான் பாஸ். எங்க ஏஜெண்ட்டு "தம்பி சாப்டியா"ன்னு கேட்டாலும் ஒரு டிக்கெட்ட தேடி எடுத்துட்டு வரும் லா.

ஒரு விளக்கத்த திருத்துனா எல்லா டூலையும் மறுபடி ஓட்டணும், ஒண்ண பெருசா எழுதுனா அது பக்கத்து டூலோட வேலையையும் இழுத்துக்கும். கேள்வியில ஒரு பங்க ஒதுக்கி வச்சு, திருத்தி முடிச்சப்புறம் மட்டும் அத ஓட்டிப் பாக்கணும், இல்லன்னா கேள்வித்தாள பாத்து பாடம் நடத்துன மாதிரி ஆயிரும். மாடல் வெர்ஷன் மாறுனாலும் திரும்ப முதல்லேர்ந்துதான்.

பணம், எடை மாத்துற டூலுக்கு மட்டும் விளக்கத்த நம்பவே நம்பாதீங்க. "கவனமாக பயன்படுத்தவும்"னு எழுதி வச்சா அது பூட்டு ஆகாது. எம்சிபியில இது அழிக்கிற டூல்னு குறி போட வசதி இருக்கு, ஆனா அதுவும் வெறும் குறிப்புதான்னு அந்த விதியிலேயே சொல்லியிருக்காங்க. மனுசன் ஓக்கே குடுத்தாதான் எடை மாறும்னு கோட்லயே கட்டணும்.

இப்ப நம்ம கூட்டுறவு சங்கம், கடைங்க எல்லாம் ஏஜெண்ட் வாங்க வரிசையில நிக்கிறாங்க. டெமோ பாத்து மயங்காம, எங்க கேள்விய வச்சு ஓட்டுன ரிசல்ட்ட, தப்பானதையும் சேத்து காட்டுங்கன்னு கேளுங்க. கட்டுரை எழுதுனவரும் அடுத்த வாரம் இத பத்தி எழுதுனா நல்லா இருக்கும்.

ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்